இடது ஓரத்து ஒரு மீற்றர்: மலையக வீதிகளுக்குப் பொறுப்பானோருக்கு ஒரு திறந்த மடல்

வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறியியலாளர்களுக்கும், மத்திய மாகாணத்தில் வீதிகளைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கும், நுவரெலியா மாநகர சபைக்கும், ஹட்டன் – டிக்கோயா, தலவாக்கலை – லிந்துலை நகர சபைகளுக்கும், அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை, நுவரெலியா பிரதேச சபைகளுக்கும், பெருந்தோட்டக் கம்பனிகளின் தோட்ட முகாமையாளர்களுக்கும்,

வணக்கம்.

கேட்கப் போவதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு வரும் ஏ7 வீதியிலும் அதில் வந்து சேரும் கிளை வீதிகளிலும், தோட்ட வீதிகளிலும், இடது ஓரத்தில் ஒரு மீற்றர் அகலம் சைக்கிள் ஓடக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். வீதியில் விரித்த தார்க் காபட்டும் ஓர மண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சல்லியும் சேறும் மானாப் புல்லும் அங்கே கிடக்கக் கூடாது. கான் (வடிகால்) திறந்து கிடக்கும் இடத்தில் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். தனியாகச் சைக்கிள் பாதை போடச் சொல்லவில்லை. ஒரு பக்கம் கற்பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக வெட்டப்பட்ட வீதியில் அதற்கு இடமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். இருக்கும் ஓரத்தை ஓரமாக வைத்திருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

காலையில் இந்த ஓரத்தில் போகிறவர்கள் யார்? நகரத்துக் கடைகளிலும் பேக்கரிகளிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள், தபால் ஊழியர்கள், மரக்கறித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள், பாடசாலைச் சிற்றூழியர்கள், ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வீடு திரும்புகிறவர்கள். இவர்களில் பலருடைய வேலை நேரத்துக்குப் பஸ் கிடையாது. லயத்திலிருந்து பஸ் வரும் சந்திக்கே இரண்டு மூன்று கிலோமீற்றர் நடக்க வேண்டியவர்களும் உண்டு. தினமும் ஆட்டோவுக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியபோதும், அடுத்த மாதம் கியூஆர் முறையில் பங்கீடு வந்தபோதும் சைக்கிள் தேடி அலைந்தவர்கள் மலையகத்தில் ஏராளம். அன்று வாங்கிய சைக்கிள்களில் எத்தனையோ இன்று லயத்துக் கூரைக்குக் கீழே துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கின்றன. ஏன் கிடக்கின்றன என்று யாராவது கேட்டிருக்க வேண்டும்.

"மலையில் சைக்கிள் சரிவராது" என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அந்தப் பதில் பிழை என்பதை அளவோடு காட்டுகிறோம். நானுஓயா ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,613 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வீதி. சராசரியாகப் பார்த்தால் 100 மீற்றர் போனால் 3 மீற்றர் ஏற்றம். சில இடங்களில் இது இரட்டிப்பாகும், சில இடங்களில் சமதரையாகும். எங்கள் பழைய பிரதான வீதிகள் மாட்டுவண்டி இழுக்கும் அளவுக்குத்தான் சாய்வு வைத்து வெட்டப்பட்டவை. அதனால் முடக்கு (வளைவு) அதிகம், ஏற்றம் மிதம். கடுமையான ஏற்றம் இருப்பது தோட்டத்துக்கு உள்ளே போகும் வீதிகளிலும் ரதல்ல போன்ற குறுக்கு வீதிகளிலும்தான்.

அங்கேயும் ஏற முடியும், பல்சக்கரங்கள் சரியாக இருந்தால். 28 அங்குலச் சக்கரமுள்ள சாதாரணச் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 5.4 மீற்றர் போகும். சமதரைக்கு இது அருமையான அளவு. 100க்கு 8 ஏற்றத்தில் இதை உட்கார்ந்தபடி மிதிக்கச் சாதாரணமாக ஓட்டுகிறவரால் முடியாது. எழுந்து நின்று மிதித்தாலும் முழங்கால்தான் தேயும். பின் பிரீவீலை (பின் பல்சக்கரத்தை) 22 பல்லுக்கு மாற்றினால் ஒரு சுற்றுக்கு 4.5 மீற்றராகக் குறையும். செலவு குறைந்த மாற்றம் இதுதான். மாற்றும்போது செயினில் இரண்டு கண்ணி கூட்ட வேண்டும், அல்லது பின் சக்கரத்தை, அதன் அச்சு மாட்டும் முள்ளின் வாயில் 13 மில்லிமீற்றர் அளவு முன்னுக்குத் தள்ள வேண்டும். கியர் சைக்கிளாக இருந்தால் முன் சின்னப் பல்சக்கரம் 28 பல், பின் பெரிய பல்சக்கரம் 28 பல் என்று வந்தால் போதும். 26 அங்குலச் சக்கரத்தில் ஒரு சுற்றுக்கு 2 மீற்றர் சொச்சம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7 கிலோமீற்றர். ஓரளவு பழகிய உடம்புக்கு மூச்சு முட்டாத வேகம். பின்னால் 34 பல் கிடைத்தால் இன்னும் நல்லது. 2022இல் வந்திறங்கிய பல சைக்கிள்கள் தோற்றத்தில் மலைச் சைக்கிள்கள், முன்னால் ஒரே ஒரு பெரிய பல்சக்கரம் மட்டும் உள்ளவை. வாங்கியவர்கள் ஏமாந்தது அங்கேதான்.

செயினையும் பார்க்க வேண்டும். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 12 அங்குலமும் எட்டில் ஒரு பங்கும் காட்டினால் அந்தச் செயின் முடிந்துவிட்டது. அதன் பிறகும் ஓட்டினால் பல்லையும் தின்றுவிடும். ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும் நேரம் பார்த்துத் தாவும். பழைய பிரீவீலில் புதுச் செயினை மட்டும் போட்டாலும் தாவும். எங்கள் மழையிலும் மண்ணிலும் சமவெளியை விடச் செயின் வெகு சீக்கிரம் தேய்கிறது.

ஏற்றத்தை விட இறக்கம்தான் ஆபத்து. 100க்கு 8 சாய்வில் இரண்டு கிலோமீற்றர் இறங்கினால் 160 மீற்றர் உயரம் இறங்குகிறோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டு, வேகத்தை மணிக்கு 20 கிலோமீற்றரில் பிடித்து வைத்தால், காற்றும் டயரும் எடுத்துக்கொள்வது போக ஏறத்தாழ 100 கிலோஜூல் சக்தி பிரேக் வழியாக வெப்பமாகிறது. ஒரு பெரிய கோப்பைத் தேநீருக்கான தண்ணீரைப் பச்சையிலிருந்து கொதிக்க வைக்க அவ்வளவு வெப்பம் போதும். அது முழுவதும் பெருவிரல் அளவுள்ள நான்கு ரப்பர் கட்டைகளுக்கும் இரண்டு ரிம்முக்கும் இடையில் பிறக்கிறது. ஒரே பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி இறங்கினால் அந்த ரிம் சுட்டு, டியூப் வெடிக்கலாம். முன் சக்கரத்தில் வெடித்தால் ஹாண்டில் நில்லாது. இரண்டு பிரேக்கையும் மாறி மாறிப் பிடித்து விட வேண்டும். முடக்குக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, முடக்குக்குள் பிரேக்கைத் தளர்த்தித் திரும்ப வேண்டும். 20 கிலோமீற்றர் வேகம் 30 ஆனால் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்காகிறது என்பதைப் புதிதாக ஓட்டுகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

ஈரத்தில் நிலைமை வேறு. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக்கின் பிடி பாதிக்கும் கீழே போய்விடும். கம்பி பிரேக் உள்ள பழைய சைக்கிள்களில் இது இன்னும் மோசம். சமவெளியில் அந்தச் சைக்கிளை ஓட்டிப் பழகியவர் கினிகத்தேனை இறக்கத்தில் மழைக்குள் இறங்கினால் பிரேக் பிடித்தும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். மலைக்கு அலுமினிய ரிம் கட்டாயம் என்று நாங்கள் சொல்வது அதனால்தான். முழுச் சக்கரமும் மாற்ற முடியாதவர் முன் சக்கரத்தையாவது மாற்ற வேண்டும். நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு அதனுடையது. பிரேக் கட்டை ரிம்மிலிருந்து இரண்டு மில்லிமீற்றர் விலகி இருக்க வேண்டும். கட்டையின் முன் நுனி பின் நுனியை விட ஒரு மில்லிமீற்றர் முந்தித் தொட வேண்டும். அப்போது கீச்சிடாது, பிடியும் சீராகும். கட்டையில் உள்ள வெட்டுக் கோடு மறைந்தால் மாற்ற வேண்டும். சல்லித்தூள் கட்டைக்குள் புதைந்து ரிம்மை அரம் போட்டதுபோல் தின்னும், அதை ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். ரிம்மின் பக்கவாட்டில் விரலை வைத்துப் பார்த்தால் உள்ளுக்குக் குழிந்திருக்கிறதா என்று தெரியும். குழிந்த ரிம் ஒரு நாள் இறக்கத்தில் பிளக்கும். கேபிள் பெரும்பாலும் ஹாண்டில் பிடிக்குள் இருக்கும் ஈய முனையின் அடியில்தான் நார் நாராக அறும். பிடியை முழுக்க அமுக்கி அந்த இடத்தைப் பார்க்காமல் மழைக்காலம் தொடங்கக் கூடாது.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாக. டயரில் உரசும் டைனமோ ஏற்றத்தில் மங்கும், மழையில் வழுக்கும். பனிமூட்டத்தில், சைக்கிளின் பின்னால் எரியும் சிவப்பு எல்ஈடி விளக்குதான் உயிர் காக்கிறது. மழைக்கு உடுத்தும் பிளாஸ்டிக் தாளைப் பின்னால் தொங்கவிட்டால் அந்த விளக்கையே மூடிவிடும். சீட்டுக்குக் கீழே கட்டாமல் மட்கார்டின் நுனியில் பொருத்த வேண்டும்.

இவ்வளவும் எங்கள் கையில் இருக்கும் வேலைகள். செய்கிறோம், பிறருக்கும் செய்து கொடுக்கிறோம். பிரேக்கும் கியரும் விளக்கும் சரியாக இருக்கும் ஒருவர் அதன் பிறகும் விழுகிறார் என்றால் அவரை விழுத்துவது வீதியின் ஓரம்.

அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் பழைய காபட்டின் மேலேயே புதுக் காபட் போடுகிறார்கள். வீதி உயர்கிறது, ஓர மண் அங்கேயே நிற்கிறது. இரண்டு பருவ மழை அதையும் அரித்துக்கொண்டு போகிறது. காபட்டின் விளிம்பு 10, 15 சென்ரிமீற்றர் உயரப் படியாக நிற்கிறது. பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. சைக்கிள்காரர் ஓரத்துக்கு ஒதுங்குகிறார், முன் சக்கரம் படியிலிருந்து இறங்குகிறது. இறங்குவதோடு முடிந்தால் பரவாயில்லை. அவர் திரும்பவும் வீதிக்கு ஏறப் பார்க்கிறார். வீதியும் அவரும் ஏறத்தாழ ஒரே திசையில் போவதால் டயர் அந்தப் படியை நேராகச் சந்திப்பதில்லை, பக்கவாட்டில் உரசுகிறது. உரசும் டயர் ஏறாது. ஹாண்டில் வலது பக்கம் திரும்பியிருக்கும், சக்கரம் படியோடு ஒட்டி நேரே ஓடும், உடம்பு மட்டும் வலது பக்கம் சாயும். அவர் விழுவது பஸ்ஸின் பின் சக்கரம் வரும் பக்கம். ஓட்டுகிறவர் எவ்வளவு திறமைசாலியானாலும் 10 சென்ரிமீற்றர் படியை அந்தக் கோணத்தில் ஏற முடியாது. வண்டியை நிறுத்தி, இறங்கி, தூக்கி வைப்பதுதான் ஒரே வழி. இதை எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் ஹோர்ன் சத்தத்தில் பதறும் ஒருவருக்கு அந்த நேரம் அது ஞாபகம் வருமா?

இதற்கு மருந்து காபட் போடும் நாளிலேயே இருக்கிறது. விரிக்கும் இயந்திரத்தில் ஒரு சாய்வுத் தகட்டைப் பொருத்தினால் விளிம்பு செங்குத்தாக நிற்காமல் 30 பாகை சாய்வாக அழுந்தி வரும். அமெரிக்காவில் இது நடைமுறையில் உள்ள முறை. அங்கே மோட்டார் வண்டிகளுக்காகச் செய்தார்கள். சைக்கிளுக்கும் அதுவே உதவும். ஏற்கனவே போட்ட வீதிக்கு ஓரத்தை நிரப்ப வேண்டும். ஒரு மீற்றர் அகலம், சராசரி 7 சென்ரிமீற்றர் ஆழம் என்றால் ஒரு கிலோமீற்றருக்கு ஒரு பக்கம் 70 கன மீற்றர், நம்மூர் கணக்கில் 25 கியூப். அழுத்தும்போது அமுங்குவதற்குக் கால் பங்கு கூட்டினால் 31 கியூப். மூன்று கியூப் ஏற்றும் டிப்பரில் பத்துப் பதினொரு நடை. வெறும் சல்லி மண்ணைக் கொட்டிவிட்டுப் போனால் முதல் மழையிலேயே அது கானுக்குள் போய்க் கானையும் அடைக்கும். சாய்வான இடங்களிலும் முடக்கின் உட்பக்கத்திலும் சீமெந்து கலந்து அழுத்த வேண்டும், அல்லது 10 சென்ரிமீற்றர் தடிப்பில் கொங்கிரீட் பட்டி இட வேண்டும். சமதரையில் அழுத்திய சல்லி மண்ணே போதும், ஆனால் அதை ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப நிரப்ப வேண்டும்.

மலை வீதிக்கு இரண்டு விதமான இடது ஓரம் உண்டு என்பதைக் கொழும்பில் வரைந்த மாதிரிப் படங்கள் காட்டுவதில்லை. போகும்போது இடது பக்கம் மலை என்றால் வரும்போது இடது பக்கம் பள்ளம். பள்ளப் பக்கத்தில் காபட்டின் விளிம்பு வெடித்துச் சரிகிறது. அந்த வெடிப்பு வீதியின் போக்கிலேயே நீளமாக ஓடுவதால் சைக்கிள் டயர் அதற்குள் இறங்கிச் சிக்கும். 20 மில்லிமீற்றர் அகல வெடிப்பே ஒடுக்கமான டயருக்குப் போதும். வெடிப்பு தெரிந்த அன்றே தார் ஊற்றி மூட வேண்டும். மூடாவிட்டால் தண்ணீர் இறங்கி அந்த ஓரமே ஒரு நாள் பள்ளத்துக்குப் போகும் என்பது பொறியியலாளர்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மலைப் பக்கத்தில் பிரச்சினை கான். காபட்டுக்கும் கானுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லாத இடங்கள் ஏராளம். பனிமூட்டத்தில் கான் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எல்லாக் கானையும் மூடச் சொல்லவில்லை. அதற்குப் பணமும் இல்லை, மூடிய கானைத் துப்புரவு செய்வதும் கஷ்டம். முடக்கின் உட்பக்கம், பஸ் தரிப்பிடம், பாடசாலை வாசல், தோட்டச் சந்தி ஆகிய நான்கு இடங்களில் மூடுங்கள். தண்ணீர் வரத்து குறைந்த இடங்களில் ஆழமான கானுக்குப் பதிலாக 10 சென்ரிமீற்றர் ஆழமுள்ள அகலமான தட்டைக் கான் போடலாம். சைக்கிள் தவறி இறங்கினாலும் ஆள் விழமாட்டார். மற்ற இடங்களில் கானுக்கு முன்னால் வெள்ளைக் கோடு போடுங்கள். பனிமூட்டத்தில் சைக்கிள்காரருக்கு மட்டுமன்றி லொறிச் சாரதிக்கும் வழிகாட்டுவது அந்தக் கோடுதான்.

குறுக்குக் கானின் மேல் போடும் இரும்புச் சட்டம் தனிக் கதை. தோட்ட வீதிகளில் இது அடிக்கடி வரும். கானின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பாலமாகத் தாங்குவது அந்தக் கம்பிகள்தான் என்பதால் அவை பயணத் திசையிலேயே கிடக்கின்றன. இடைவெளிக்குள் முன் சக்கரம் அப்படியே இறங்கி நின்றுவிடும், ஆள் ஹாண்டிலுக்கு மேலால் போவார். சட்டத்தைக் கழற்றித் திருப்பிப் போடவும் முடியாது, தாங்காது. மேலே குறுக்காக, 10 சென்ரிமீற்றருக்கு ஒன்று வீதம், தட்டைக் கம்பி வைத்து வெல்டிங் செய்தால் தீர்ந்தது. அந்த இடைவெளியில் 28 அங்குலச் சக்கரம் மூன்று, நான்கு மில்லிமீற்றருக்கு மேல் இறங்காது. ஒரு சட்டத்துக்கு அரை நாள் வேலை. ஒவ்வொரு தேயிலை ஸ்டோரிலும் வெல்டிங் தெரிந்தவர் இருக்கிறார்.

தோட்ட வீதிகளில் கொங்கிரீட் போடும்போது மேற்பரப்பை மழமழவென்று தேய்த்துவிடுவது இன்னொரு பிழை. மரநிழலில் இருக்கும் ஏற்றத்தில் ஊற்றுத் தண்ணீர் கசிந்து, பாசி பிடித்து, ஆள் நடக்கவே வழுக்கும். கொங்கிரீட் இறுகுவதற்கு முன் கடினத் தும்புத்தடியால் வீதிக்குக் குறுக்காக வரி இழுத்துவிட வேண்டும். நீளவாக்கில் இழுத்தால் பயனில்லை. ஊற்றுத் தண்ணீர் வரும் இடத்தைப் பார்த்து மேல்பக்கமாகக் குழாய் வைத்துக் கானுக்குத் திருப்ப வேண்டும்.

மண்சரிவும் கல்லும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வருகிறது, நடு வீதியை வழித்துவிட்டுப் போகிறது. அந்த வேகத்துக்கு நன்றி சொல்கிறோம். வீதி திறந்தால்தான் எல்லோருக்கும் வழி. ஆனால் வழித்த மண்ணின் மிச்சம் ஓரத்தில்தான் தங்குகிறது, நடுவில் கிடக்கும் சின்னச் சல்லியையும் வாகனச் சக்கரங்கள் ஓரத்துக்கே தள்ளுகின்றன. சைக்கிள் ஓட வேண்டிய இடத்தில் சல்லிப் படுக்கை. அதன் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் சறுக்கும். பெக்கோ போன பிறகு மண்வெட்டியும் தும்புத்தடியுமாக இரண்டு பேர் முடக்குகளை மட்டும் கூட்டினால் போதும். நேரான இடத்தைப் பிறகு பார்க்கலாம். மானாப் புல்லையும் அப்படியே: தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கும், அதற்கு முன் ஏப்ரலில் ஒரு வெட்டு. ஊவா பக்கம் மழை பிந்தி வருவதால் அங்கே ஒக்டோபருக்கு முன் ஒரு வெட்டு. வெட்டிய புல்லை வீதியிலேயே போட்டுவிட்டுப் போகக் கூடாது. நனைந்த புல் சேற்றை விட வழுக்கும். டர்பன்டைன் மரத்து இலையும் அப்படித்தான்.

இந்த வேலைகளில் ஒன்றுகூடப் பெரிய வேலை இல்லை. பிறகு ஏன் நடப்பதில்லை? ஒருவர் லயத்திலிருந்து நகரத்துக்கு ஐந்து கிலோமீற்றர் போகிறார் என்றால் முதல் இரண்டு கிலோமீற்றர் தோட்டக் கம்பனியின் வீதி, அடுத்தது பிரதேச சபையின் வீதி, பிறகு மாகாண வீதி, கடைசியில் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வீதி. ஓரம் உடைந்த இடம் யாருடையது என்று கேட்டுப் போனால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள். தோட்ட வீதியில் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று முன்பு சொல்வார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தோட்ட நிர்வாகத்தோடு பேசித் தோட்டப் பகுதியிலும் வேலை செய்ய வழி இருக்கிறது. ஆகவே இரண்டு காரியங்கள் செய்யுங்கள். ஒவ்வொரு வீதியின் தொடக்கத்திலும் அது யாருடைய பொறுப்பு என்று தமிழிலும் சிங்களத்திலும் பலகை வையுங்கள். பிரதேச செயலகத்தில் ஒரே ஒரு முறைப்பாட்டுப் புத்தகம் வையுங்கள். எந்த வீதியானாலும் அதில் எழுதலாம், பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அதைத் திறந்து வாசித்து உரியவரிடம் கொடுக்கலாம்.

தோட்ட முகாமையாளர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். ஸ்டோருக்கும், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்துக்கும் பக்கத்தில் கூரையோடு ஒரு சைக்கிள் நிறுத்துமிடம் கொடுங்கள். இரண்டு அங்குல இரும்புக் குழாயை நிலத்திலிருந்து 75 சென்ரிமீற்றர் உயரத்தில் குறுக்காக நிறுத்தினால் சைக்கிளின் சட்டத்தையே அதோடு சேர்த்துப் பூட்டலாம். முன் சக்கரத்தை மட்டும் செருகும் தாங்கி வேண்டாம்; ரிம் வளையும், பூட்டவும் முடியாது. நனையாத சைக்கிளின் கேபிளும் செயினும் இரட்டிப்புக் காலம் உழைக்கும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பஸ் நிலையங்களில் நகர சபைகளும் மாநகர சபையும் ஒரு நிலைப் பம்பும், சங்கிலியில் கட்டிய 15 மில்லிமீற்றர் சாவியும், 5 மில்லிமீற்றர் அலன் சாவியும் வைத்தால் அவசரத் திருத்தங்களில் பெரும்பாலானவை அங்கேயே முடியும்.

பஸ், லொறிச் சாரதிகளின் சங்கங்களுக்கும் இதை அனுப்பி வையுங்கள்: முடக்குக்குள் சைக்கிளை முந்த வேண்டாம், முந்தும்போது ஒன்றரை மீற்றர் இடம் விடுங்கள், முதுகுக்குப் பின்னால் வந்து ஹோர்ன் அடிக்காமல் 50 மீற்றருக்கு முன்பே ஒரு முறை அடியுங்கள். இறக்கத்தில் பிரேக் சுட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு எங்களை விட நன்றாகத் தெரியும். 2023 ஜனவரியில் நானுஓயா – ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு உயிர்கள் போயின. அந்த மாதிரிச் சரிவில் ஒதுங்க ஓரமில்லாத சைக்கிள்காரரின் நிலை என்னவென்று நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த மடலை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப் போட்டது. எங்கள் உறவுகள் மண்ணுக்குள் போனார்கள். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் வீதிகள் துண்டு துண்டாகின. அவற்றைத் திரும்பக் கட்டும் வேலைக்குத் திட்டமும் மதிப்பீடும் தயாராகும்போது ஓரத்தையும் அதற்குள் சேர்க்க வேண்டும். தாங்குசுவர் கட்டும்போதே ஒரு மீற்றர் வெளியே தள்ளிக் கட்டினால் அந்த ஓரம் கிடைக்கும். கட்டி முடித்த பிறகு அந்த ஒரு மீற்றரை எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது. புதிதாக வெட்டும் இடத்தில் அடிவாரத்துக் கானை ஒரு மீற்றர் உள்ளே தள்ளுவதும் அப்படித்தான். மண் சரியும் அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆலோசனை சொல்லும் இடங்களில் அதன் சொல்லுக்கு உட்பட்டுச் செய்யுங்கள். அந்த ஓரத்தில் சைக்கிள் மட்டும் போகப் போவதில்லை. வெள்ளைச் சீருடையோடு பாடசாலைக்கு நடக்கும் பிள்ளைகளும், கொழுந்துப் பையோடு மலைக்குப் போகும் பெண்களும் இன்று வாகனங்களுக்கு நடுவில்தான் நடக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் கேட்கவில்லை. முதலில் முடக்குகளின் உட்பக்கம், அடுத்து பஸ் தரிப்பிடங்களும் பாடசாலை வாசல்களும், பிறகு ஏற்றப் பக்கம். ஏறும் சைக்கிள் மெதுவாகப் போவதால் வாகனங்கள் அதைத்தான் அதிகம் முந்துகின்றன. இறங்குகிறவர் முடக்குகளில் வாகனத்தோடு வாகனமாகவே போவார். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் பணம் போதாது என்றால் ஏறும் பக்கத்துக்குக் கொடுங்கள். குறுக்குக் கான் சட்டங்களுக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் மதிப்பீடு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வருகிற மே மாதத்துக்கு முன் முடிக்கலாம்.

கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையிலும், லிந்துலையிலிருந்து நானுஓயா வரையும் ஓரம் உடைந்த இடங்களைக் கிலோமீற்றர் கல்லை வைத்துக் குறித்துத் தரத் தயாராக இருக்கிறோம்: படி எவ்வளவு உயரம், எந்தப் பக்கம், கான் எவ்வளவு தூரத்தில் என்று. அளவெடுக்க உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரும் நாளைச் சொன்னால் நாங்களும் நாடாவோடு வருகிறோம். மழை நாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே வீதியைக் கடக்கிறது என்பது அன்றுதான் தெரியும்.

இப்படிக்கு,
ஹட்டன், தலவாக்கலை, நானுஓயாப் பகுதிகளில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களும் சைக்கிள் திருத்துகிறவர்களும்